வீட்டில் கார் சார்ஜ் போடுகிறவர்கள் வாருங்கள்: மறக்க முடியாத ஒரு சம்பவம் சொல்லுங்கள் (தென்னாப்பிரிக்கா, டர்பன், ஜோபர்க் பக்கம்)

உம்லாங்கா வாசி:

எந்தக் கார், என்ன விலை, ஐரோப்பாவிலிருந்து வரும் பெட்ரோல் காருக்கு 18 சதவீத இறக்குமதி வரி போட்டுவிட்டு மின்சார காருக்கு 25 போடுகிறார்களே என்பதெல்லாம் பேசிப் பேசி அலுத்துவிட்டது. எனக்கு உறுத்திக்கொண்டே இருப்பது ஒரே ஒரு இரவு.

நாங்கள் இருப்பது பல வீடுகள் சேர்ந்த காம்ப்ளெக்ஸ். கார்போர்ட்டுக்கு என் வீட்டு மீட்டரிலிருந்தே லைன் இழுத்து, எலெக்ட்ரீஷியனிடம் வயரிங் சரி என்கிற சிஓசி சான்றிதழும் வாங்கித்தான் பாயின்ட் போட்டோம். அன்றைக்கு இரவு பத்து மணிக்கு மேல் கதவைத் தட்டுகிறார்கள். பாடி கார்ப்பரேட் (வீட்டு உரிமையாளர் சங்கம்) டிரஸ்டி ஒருவர், கையில் டார்ச், பின்னால் செக்யூரிட்டி. கேபிளைக் காரிலிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறார். டைப் 2 பிளக்கை சார்ஜ் ஏறும்போது கார் பூட்டி வைத்துக்கொள்ளும், வரவில்லை. சுவரில் இருந்த சுவிட்சை அணைத்துவிட்டு நேரே வந்துவிட்டார். எல்லோரும் மாதாமாதம் கட்டுகிற லெவியில் (பராமரிப்புக் கட்டணம்) நான் ஓசியில் கார் ஓட்டுகிறேனாம்.

சொல்லிப் பார்த்தேன், நம்பவில்லை. சரி, வாருங்கள் என்று சமையலறைக்கே கூட்டிப்போய் பிரீபெய்டு மீட்டரின் கீபேடைக் காட்டினேன். மகன் கீழே போய் சுவிட்சைப் போட்டான். கால் மணி நேரத்துக்குச் சற்று மேலானால் ஒரு யூனிட் இறங்கும், என் சார்ஜர் இழுப்பது அவ்வளவுதான். அந்த மனிதர் மிக்ஸிக்குப் பக்கத்தில் நின்று அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். செக்யூரிட்டியும் பார்க்கிறார். யாரும் பேசவில்லை. என் மனைவி டீ வேறு போட்டுக் கொடுத்தாள். யூனிட் குறைந்தது. டீயைக் குடித்து முடித்தார், குட் நைட் சொன்னார், போனார்.

அடுத்த வாரம் கடிதம் வருகிறது: மின்சார கார் பற்றி விதி வகுக்கும்வரை வளாகத்தில் யாரும் சார்ஜ் செய்யக் கூடாது. கையெழுத்து அவருடையதேதான்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

அண்ணா, உங்களுக்காவது வெளியாள். எனக்கு வீட்டுக்குள்ளேயே.

புரட்டாசி சனிக்கிழமை. மாமியார் வீடு நிறைய ஆட்கள். அடுப்பில் ஒரு பக்கம் பருப்பு, ஓவனில் ஒரு பக்கம் என்னவோ, கீசர் வேறு ஓடுகிறது. அறுபது ஆம்பியர் மெயின் உள்ள பழைய வீடு, உங்களுக்கே தெரியும். கற்பூரம் ஏற்றி மாமா தட்டை எடுத்த அதே நேரம் வீடு முழுக்க இருட்டு. கற்பூர வெளிச்சத்தில் அத்தனை முகமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. சாமியை யாரும் பார்க்கவில்லை, எல்லோரும் என் காரைப் பார்க்கிறார்கள். அந்தக் காட்சியை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் போய்க் கேபிளைக் கழற்றினேன். டிபி போர்டில் (வீட்டு சுவிட்ச் பலகை) எர்த் லீக்கேஜ் சுவிட்சை, அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழுகிற சுவிட்சை, ஏற்றினால் மறுபடியும் விழுகிறது. கார் கழன்று கிடக்கிறது, அப்போதும் விழுகிறது! "கழற்றினாலும் உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும்" என்று ஒரு சித்தப்பா விளக்கம் வேறு.

திங்கட்கிழமை ஆள் வந்து பார்த்தார். கீசர் எலிமெண்ட் ஓட்டையாகி தண்ணீரில் லீக் ஆகியிருக்கிறது. மாற்றினார், முடிந்தது. ஆனால் இன்றைக்கும் அந்த வீட்டில் டிவி நின்றால் கார்தான், வைஃபை மெதுவானால் கார்தான்.

மிட்ராண்ட் ஐடி:

உம்லாங்கா அண்ணா, அந்தக் கடிதத்துக்கு நீங்கள் பணிந்து போகக் கூடாது. சிஎஸ்ஓஎஸ் என்று ஓம்பட் அலுவலகம் இருக்கிறது, காம்ப்ளெக்ஸ் தகராறுகளுக்கென்றே. டிரஸ்டிகள் நினைத்த மாத்திரத்தில் தடை போட முடியாது, விதி என்றால் கூட்டம் கூட்டி முறைப்படி நிறைவேற்ற வேண்டும். கடிதம், சிஓசி, மீட்டர் படம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். முதலில் எழுத்தில் ஆட்சேபம் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் அதையும் எழுத்தில் குறியுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை வாதாடாதீர்கள், அது பின்னால் உங்களுக்கு எதிராகத் திரும்பும். பக்கத்து வீட்டுக்காரர்களில் அடுத்து இதே கார் வாங்கப் போகிறவர் யார் என்று பார்த்து அவரை உங்கள் பக்கம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் கதை சின்னது. 2023. லோட் ஷெடிங் (முறை வைத்துக் கரண்டை நிறுத்துவது) ஸ்டேஜ் 6 ஓடிக்கொண்டிருந்த காலம், ஒரு நாளில் பல தடவை கரண்ட் போகும். திருச்சியிலிருந்து அப்பா வருகிறார், அதிகாலையில் ஓஆர் டாம்போ விமான நிலையத்தில் இறங்குகிறார். காரில் போய்வரப் போதாத சார்ஜ். கரண்ட் இல்லை, ஆனால் வீட்டில் ஐந்து கிலோவாட் இன்வெர்ட்டர் இருக்கிறது, கூரையில் சோலார் இருக்கிறது, விளக்கு, ஃப்ரிட்ஜ், டிவி எல்லாம் ஓடுகிறது. சார்ஜரை மாட்டினால் மட்டும் சிவப்பு விளக்கு. கழற்றி மாட்டினாலும் அதே சிவப்பு. விடியற்காலை மூன்று மணிக்கு அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பி அவருடைய பழைய பக்கியில் (பிக்கப் வண்டி) போய் அப்பாவைக் கூட்டிவந்தேன். "மின்சார கார் வாங்கினாய் என்றார்களே?" என்றார் அப்பா. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் வலித்தது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கிரிட் (வெளியிலிருந்து வரும் கரண்ட்) போனதும் இன்வெர்ட்டர் வீட்டைத் தனியாகப் பிரித்துவிடும். அப்போது நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் சேராமல் மிதக்கும். பல்புக்கு அது பற்றிக் கவலை இல்லை. கார் சார்ஜர் முதலில் எர்த் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும், இல்லையென்றால் கரண்டைக் கொடுக்கவே கொடுக்காது. எலெக்ட்ரீஷியன் வந்து, கிரிட் போகும்போது மட்டும் நியூட்ரலையும் எர்த்தையும் இணைக்கும் ரிலே போட்டார். இப்போது இன்வெர்ட்டரிலும் ஏறுகிறது.

டோங்காட் பெரியவர்:

தம்பி மிட்ராண்ட், எர்த் பற்றிச் சொன்னது சரி. ஆனால் "இப்போது இன்வெர்ட்டரிலும் ஏறுகிறது" என்று எழுதி மற்றவர்களைக் கிளப்பிவிடாதீர்கள். சுவரில் மாட்டிய பேட்டரி என்ன, ஐந்து யூனிட்டா, பத்து யூனிட்டா? பிஒய்டி அட்டோ 3 ஒன்றுக்கே அறுபது யூனிட் பேட்டரி. சொம்புத் தண்ணீரைக் கிணற்றில் ஊற்றுகிற கதை. ராத்திரி ஃப்ரிட்ஜுக்கு வைத்ததைக் காருக்குக் கொடுத்துவிட்டு விடியும்போது இரண்டும் இல்லாமல் நிற்பீர்கள். பகலில் வெயில் இருக்கும்போது சோலாரில் கொடுங்கள், அது வேறு விஷயம்.

நான் வயரிங் வேலையிலேயே தலை நரைத்தவன், அதனால் சொல்கிறேன். நம் ஊர் உருண்டைப் பின் மூன்று வைத்த பிளக் பதினாறு ஆம்பியர் என்று எழுதியிருக்கும். உண்மைதான். ஆனால் கெட்டில் மூன்று நிமிடம் இழுப்பதும் கார் எட்டு மணி நேரம் இழுப்பதும் ஒன்றல்ல. பழைய சாக்கெட்டில் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அங்கே சூடு பிடிக்கும். காரோடு வருகிற கேபிளை பத்து ஆம்பியரில் வையுங்கள், மணிக்கு இரண்டு யூனிட்டுக்குச் சற்று மேல் ஏறும், அன்றாடம் ஊருக்குள் ஓடுகிறவர்களுக்கு அது தாராளம். எக்ஸ்டென்ஷன் ரீலைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டவே ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை. சுவர் சார்ஜர் போடுவதானால் டிபி போர்டிலிருந்து அதற்கென்று தனி லைன், தனி பிரேக்கர். முப்பத்திரண்டு ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயருக்குக் குறையக் கூடாது, தூரம் அதிகமானால் இன்னும் தடிமன். கார் பக்கமிருந்து டிசி கசிந்தால் வீட்டு எர்த் லீக்கேஜ் அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். அதைப் பிடிக்கிற வசதி சார்ஜருக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லோட் ஷெடிங் முடிந்து கரண்ட் திரும்பும் கணத்தில் வோல்டேஜ் துள்ளும், ஆகவே போர்டில் சர்ஜ் அரெஸ்டர் வேண்டும்.

அம்மா சாட்ஸ்வொர்த், உங்கள் வீட்டில் அறுபது ஆம்பியர் மெயினில் முப்பத்திரண்டைக் காருக்குக் கொடுத்தால் மீதி என்ன? கீசர் ஒன்றே பதின்மூன்று சாப்பிடும். மெயின் வயரில் மாட்டிக் கரண்டை அளக்கும் கிளாம்ப் கிடைக்கிறது. வீட்டுச் சுமை ஏறும்போது சார்ஜர் தானே குறைத்துக்கொள்ளும். அதைப் போடுங்கள்.

என் அனுபவம் கேட்டீர்கள். உறவுக்காரர் வீட்டு கராஜில் பிளக்கை இழுத்தேன், பிளாஸ்டிக் பாகு போல இழுபட்டு வந்தது. அவ்வளவுதான்.

மிட்ராண்ட் ஐடி:

ஐயா, நான் சோலார் இருக்கிறது என்று எழுதியிருக்கிறேன், படித்துவிட்டுத் திட்டுங்கள். :) பகலில்தான் கொடுக்கிறேன்.

ஹில்டன் மலைக்காரி:

வயர் சண்டை நடுவில் ஒரு விஷயம். இதை எந்த ஷோரூமிலும் சொல்லவில்லை.

எங்கள் வீடு ஹில்டனில், வேலை பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். காலையில் வீட்டை விட்டதும் டவுன் ஹில் இறக்கம். என்3 நெடுஞ்சாலையில் அந்த இறக்கம் எப்படி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, லாரி விபத்து இல்லாத மாதம் உண்டா? ஆக்ஸிலரேட்டரை விட்டால் கார் தானே பிடித்து நிற்கும், அந்தச் சக்தி பேட்டரிக்குப் போகும், அதற்குப் பழகிப்போன கால்.

புதுக் காரை முதல் தடவை இரவெல்லாம் மாட்டி வைத்து நூறு சதவீதம் ஆக்கிய மறுநாள். முன்னால் கரும்பு லாரி. காலை எடுக்கிறேன், கார் பிடிக்கவில்லை. வழக்கம்போல் வேகம் குறையும் என்று உடம்பு காத்திருக்கிறது, லாரியின் பின்பலகை பெரிதாகிக்கொண்டே வருகிறது. பிரேக்கை மிதித்தேன், நின்றது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஒரு விநாடியில் வயிற்றுக்குள் என்னவோ நழுவியது.

பேட்டரி நிரம்பியிருந்தால் திரும்பி வருகிற கரண்டைப் போட இடமில்லை, அதனால் கார் அந்தப் பிடிப்பைக் குறைத்துவிடுகிறது. மேட்டில் வீடு உள்ளவர்கள் எண்பதில் நிறுத்துங்கள். இறங்கும்போது எனக்கு ஊர் எல்லை வரும்போது சதவீதம் கூடித்தான் இருக்கும், அதில் ஒரு அற்ப சந்தோஷம்.

ஃபீனிக்ஸ் இரவு ஷிஃப்ட்:

நமக்கு மலையும் இல்லை, டிரஸ்டியும் இல்லை, பிரீபெய்டு மீட்டருக்குப் பணம் கட்டி வாங்கித் தட்டுகிற டோக்கன் எண்தான் எமன். ஷிஃப்ட் முடிந்து வந்து மாட்டிவிட்டுத் தூங்கினேன். எழுந்தால் வீடு நிசப்தம், ஃப்ரிட்ஜ் சத்தம்கூட இல்லை. லோட் ஷெடிங் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். அது யூனிட் தீர்ந்துபோனது! இருந்த கொஞ்சத்தையும் கார் குடித்துவிட்டது, ஃப்ரீஸரில் மச்சான் பிடித்து அனுப்பிய மீன். 2024 நவம்பர் 24-க்குள் எல்லா பிரீபெய்டு மீட்டரையும் புதுப்பிக்கச் சொன்னார்களே, அதற்கு இருபது இலக்க எண் இரண்டு தட்டினோமே, அந்தப் பரபரப்பில்கூட இவ்வளவு வியர்க்கவில்லை. டோக்கன் வாங்க போனை எடுத்தால் போனிலும் சார்ஜ் இல்லை. காருக்குள் உட்கார்ந்து போனைச் சார்ஜ் போட்டு, அதில் டோக்கன் வாங்கி, உள்ளே வந்து மீட்டரில் தட்டினேன்.

சாட்ஸ்வொர்த் மருமகள்:

ஃபீனிக்ஸ் தம்பி, மீன் என்ன ஆச்சு?

டோங்காட் ஐயா, கிளாம்ப் பற்றிச் சொன்னதற்கு நன்றி. அதை வாங்கினால் எந்தச் சார்ஜருக்கும் பொருந்துமா, இல்லை அதே கம்பெனியுடையதா?

டோங்காட் பெரியவர்:

அதே கம்பெனியுடையது. சார்ஜர் வாங்கும்போதே சேர்த்துக் கேளுங்கள், தனியாகப் பிறகு வாங்கினால் தொல்லை. கீசருக்கு டைமர் போட்டீர்களா?

ஃபீனிக்ஸ் இரவு ஷிஃப்ட்:

மீன் கறியாகிவிட்டது அக்கா. தெருவே சாப்பிட்டது.

உம்லாங்கா வாசி:

மிட்ராண்ட் தம்பி, கோப்பு தயார் செய்துவிட்டேன். அடுத்த மாதம் பொதுக்கூட்டம். அதுவரை மாலில் போய்ச் சார்ஜ் போடுகிறேன், வீட்டில் ஆகிற செலவைவிட அங்கே நன்றாகவே கூடுதல். டீ விஷயத்தையும் கூட்டத்தில் சொல்வேன் என்று மனைவி பிடிவாதமாக இருக்கிறாள்.