பழைய திரைப்பாடல்களின் தாளம் பீட்கிரிட்டை விட்டு விலகுகிறது: என்ன செய்வது?

ஈசூன்வாசி எழுதியது:

வணக்கம். அடுத்த மாதம் எங்கள் பாட்டியின் 80ஆம் பிறந்தநாளை ஈசூனில் ஒரு பல்நோக்கு மண்டபத்தில் கொண்டாடவிருக்கிறோம். பாட்டுப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். பாட்டிக்காக எம்.எஸ்.விஸ்வநாதன் இசையமைத்த 1960களின் பாடல்கள், அம்மாவுக்காக இளையராஜாவின் 1980களின் பாடல்கள், எங்களுக்காக இன்றைய பாடல்கள் என மூன்று தலைமுறையையும் நிறுத்தாமல் இணைத்துக் கொடுக்க விரும்புகிறேன். என்னிடம் இருப்பவை இரண்டு பாடல்களைக் கலந்து இணைக்க உதவும் இரண்டு சேனல் டிஜே கண்ட்ரோலரும் மடிக்கணினியும்தான்.

இன்றைய பாடல்கள் இரண்டை எடுத்தால், வேகத்தையும் அடியையும் தானாகப் பொருத்தும் சிங்க் பொத்தானை அழுத்தியதும் அவை பொருந்திக்கொள்கின்றன. பழைய பாடலில் முதல் பதினைந்து வினாடிகள் சரியாகவே இருக்கின்றன. அதன்பின் பீட்கிரிட்டின் கோடுகள், அதாவது ஒவ்வோர் அடியும் விழும் இடம் என்று மென்பொருள் திரையில் காட்டும் கோடுகள், தபேலாவின் அடியிலிருந்து மெல்ல விலகி, சரணத்தை எட்டும்போது இரண்டு பாடல்களும் ஒன்றையொன்று இடறுகின்றன. மற்றொரு பாடலுக்கு வேகம் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடிகள்) என்று காட்டுகிறது. நான் கைதட்டி எண்ணினால் 80தான் வருகிறது. பாடல்களை மறுபடியும் வாங்கிப் பார்த்தேன், யூஎஸ்பி கம்பியை மாற்றினேன், தங்கையின் கணினியிலும் சோதித்தேன். பழுது எங்கே இருக்கிறது?

தோபாயோ டிஜே எழுதியது:

தம்பி, கருவியிலும் பழுதில்லை, கோப்பிலும் பழுதில்லை. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவும் ஒரே கூடத்தில் கூடி, நடத்துநரின் கையசைவைப் பார்த்து வாசித்துப் பதிவு செய்தார்கள். எந்த இயந்திரமும் அவர்களுக்குத் தாளம் சொல்லிக் கொடுக்கவில்லை. வயலின்கள் எழும்பும் இடையிசையில் வேகம் ஒரு நூலளவு கூடும், பாடகர் வரியை நீட்டி முடிக்கும் இடத்தில் குறையும். அந்தப் பாடல்களின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். 104இல் தொடங்கிய பாடல் 106க்கு ஏறினால், பதினாறு அடிகளுக்குள் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அடி விலகிவிடும். காது அதைப் பொறுத்துக்கொள்ளாது. தாள இயந்திரங்களும், மின்னிசைக் கருவிகளை ஒன்றோடொன்று இணைக்க 1983இல் வந்த மிடி முறையும் ஒலிப்பதிவுக் கூடங்களில் பரவிய பிறகுதான் கிரிட்டுக்குள் அசையாமல் நிற்கும் பாடல்கள் பெருகின. ஏ.ஆர்.ரஹ்மான் 1992இல் திரைக்கு வந்த பிறகான பாடல்கள் பலவற்றில் சிங்க் உங்களைக் கைவிடாததற்குக் காரணம் இதுவே.

ஆகவே பழைய பாடலில் சிங்க்கை அணைத்துவிடுங்கள். 1970களின் டிஸ்கோ இசைத்தட்டுகளிலும் மனிதர்கள்தான் டிரம் வாசித்தார்கள். அவற்றை இணைத்த டிஜேக்கள் ஒரு கையை வேகக் கட்டுப்பாட்டின் மேலேயே வைத்து நொடிக்கு நொடி திருத்தினார்கள். 1979இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற இசைத்தட்டுச் சுழலியில் வேகத்தை 8 விழுக்காடு கூட்டவும் குறைக்கவும் நீண்ட நகர்த்தி ஒன்று வைத்தார்கள். உங்கள் கண்ட்ரோலரிலும் அதே நகர்த்தி இருக்கிறது, அதையே நம்புங்கள். கிரிட் வேண்டுமென்றால், ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளில் பகுப்பாய்வை, வேகம் மாறுவதைப் பின்தொடரும் டைனமிக் முறைக்கு மாற்றலாம். செராட்டோ என்ற மென்பொருளில் ஒரே குறியோடு நிறுத்தாமல் இடையிசை, சரணம் என ஒவ்வொரு திருப்பத்திலும் புதிய குறி இடலாம். எப்படியானாலும் இரண்டு பாடல்களையும் ஒரு நிமிடம் சேர்ந்து ஓடவிட வேண்டாம். எட்டு அடிகளுக்குள் மாற்றத்தை முடித்துவிடுங்கள். அந்த எட்டு அடிகளிலும் வெளியேறும் பாடலின் பாஸைக் குறைத்து வையுங்கள்.

பாத்தோக் மிருதங்கம் எழுதியது:

120க்கும் 80க்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். நீங்கள் தட்டிய 80தான் சரி. அந்தப் பாடல் திஸ்ர நடையில் இருக்க வேண்டும். ஓர் அடிக்குள் மூன்று பிரிவுகள் என்றால் நிமிடத்துக்கு 240 பிரிவுகள். அவற்றை மும்மூன்றாகச் சேர்க்க வேண்டிய மென்பொருள் இரண்டிரண்டாகச் சேர்த்து 120 என்று காட்டுகிறது. தகதிமி என்று சொல்லிப் பார்த்துப் பொருந்தாமல் தகிட என்று சொன்னால் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால், தட்டும் வேகத்தை அளக்கும் டேப் (tap) பொத்தானைத் தட்டி 80 என்று நீங்களே பதித்துவிடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் பாடல்களில் குரல் தொடங்கும் இடமே சமம், அதாவது தாளச் சுற்றின் முதல் அடி, என்று கொள்ள முடியாது. தாளம் விழுந்த பிறகு பாட்டு எடுக்கும் அனாகத எடுப்பு மிகச் சாதாரணம். அதீத எடுப்பில் பாட்டு முந்திக்கொள்ளும். மென்பொருள் பல்லவியின் முதல் எழுத்தில் ஒன்று என்று குறி வைத்திருந்தால், வேகம் சரியாக இருந்தும் இணைப்பு தவறாகத்தான் ஒலிக்கும். திரையைப் பார்க்காமல் தொடையில் தாளம் போட்டுச் சமத்தைக் கண்டுபிடித்து, அங்கே குறியை நகர்த்துங்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

இருவருக்கும் நன்றி. தகிட உடனே பொருந்தியது. சமமும் நான் நினைத்த இடத்தில் இல்லை, அரை அடி முன்னால் இருந்தது. ஆனால் 98இல் உள்ள பாடலை 104க்கு ஏற்றியபோது பாடகரின் குரல் மாறிவிட்டது. அதைக் கேட்ட பாட்டி, “இது அவர் குரல் இல்லையே” என்று வருந்தினார். திஸ்ர நடைப் பாடலிலிருந்து இன்றைய பாடலுக்கு எப்படிக் கடப்பது என்பதும் புரியவில்லை.

தோபாயோ டிஜே எழுதியது:

வேகத்தை 6 விழுக்காடு கூட்டினால் சுருதி ஏறத்தாழ ஒரு அரைச்சுரம் ஏறும். பல ஆண்டுகளாகக் கேட்ட குரலில் அந்த வேறுபாடு பாட்டிக்குத் தெரியாமல் போகாது. வேகம் மாறினாலும் சுருதியை மாறாமல் வைக்கும் மாஸ்டர் டெம்போ பொத்தானை இயக்கினால் சுருதி நிற்கும். ஆயினும் பழைய பதிவுகளில் 3 விழுக்காட்டைத் தாண்டினால் வயலின்களில் ஒரு நடுக்கம் கேட்கும் என்பதால், நான் பழைய பாடலின் வேகத்தைத் தொடாமல் புதிய பாடலைத்தான் இறக்குவேன்.

பாத்தோக் மிருதங்கம் எழுதியது:

திஸ்ரத்தில் 80 என்றால், ஓர் அடிக்குள் நான்கு பிரிவுகள் வரும் சதுஸ்ரத்திலும் 80 அல்லது 160இல் உள்ள பாடலைத் தேர்ந்தெடுங்கள். பெரிய அடிகள் ஒன்றாக விழும். உள்ளே மூன்றும் நான்கும் மோதுவதுதான் சிக்கல். அதனால் இரண்டு தாளக்கட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக ஓட்டாதீர்கள். பழைய பாடலின் முடிவில் தாளம் ஓய்ந்து குழலோ வீணையோ தனித்து நிற்கும் இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த நாதத்தின் மேல் புதிய பாடலின் முதல் அடியைச் சமத்தில் இறக்குங்கள். அப்படி ஓர் இடம் இல்லாத பாடலை முழுவதுமாக முடியவிட்டு, கைதட்டல் அடங்கிய பிறகு அடுத்ததைத் தொடங்குங்கள்.

ஈசூன்வாசி எழுதியது:

இடையிசைக்குப் பின் நான்கு வினாடிகள் குழல் மட்டும் ஒலிக்கும் ஓர் இடம் கிடைத்தது. அங்கே இறக்கினேன், இடறவில்லை. இன்றிரவு மற்ற பதினொரு பாடல்களுக்கும் சமத்தைக் குறிக்க உட்காருகிறேன்.