கம்பெனியில் ஜீன் டெஸ்ட் எடுத்து மாத்திரையைச் சரிபார்த்தார்களா? உங்கள் அனுபவம்?

கஞ்சிக்கோடு ஷிப்ட்:
இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம். எல்லோரையும் போல எனக்கும் கன்னத்துக்குள் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளைப் பையோடு கொண்டுவரச் சொன்னார் மருந்தாளுநர். பாலக்காட்டுப் பெண். ரத்தம் கட்டாமல் இருக்கத் தருகிற குளோபிடோகிரெல் அட்டையை எடுத்தவர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி அட்டையைப் பார்த்தார். "சேட்டா, இது எத்ர நாளாயி கழிக்குன்னு?" அவர் கட்டைவிரல் காலிக் குழிகளைத் தடவிக்கொண்டே இருந்தது. ஈரல் மாற்றிக் கொடுத்தால்தான் அது மருந்தாகுமாம். மாற்றுகிற நொதிக்கான ஜீன் சிஒய்பி2சி19. எனக்கு அப்பா வழி, அம்மா வழி இரண்டுமே வேலை செய்யாது. நிறுத்தச் சொல்லவில்லை, அன்றைக்கே டாக்டருக்குக் கடிதம் எழுதினார். டாக்டர் டிகாக்ரெலர் என்ற வேறு மாத்திரைக்கு மாற்றினார். இப்போது நலம். அந்தக் காலிக் குழிகள்தான் ராத்திரியில் கண்முன் வருகின்றன.

தடா அக்கா:
எனக்குக் கொழுப்பு மாத்திரை. தொடை வலி, வயசாச்சு என்று இருந்துவிட்டேன். எஸ்எல்சிஓ1பி1 என்ற ஜீனில் குறை என்று காட்டியது, நான் போட்ட சிம்வாஸ்டாட்டினை நிறுத்தி வேறு கொடுத்தார்கள், வலி விட்டது. ஆனால் என் ரிப்போர்ட் உறை எச்ஆர் மேசையில் பிரிந்து கிடந்தது. "ஏமண்டி, மீக்கு மந்துலு படவா?" (உங்களுக்கு மருந்து ஒத்துக்காதா?) என்று அந்தப் பையன் எல்லோர் முன்பும் கேட்டான். வலியை மறந்துவிட்டேன், இதை மறக்க முடியவில்லை.

செங்கோட்டை ரவி:
கஞ்சிக்கோடு அண்ணா, ஜீனோடு கதை முடியாது. என் அப்பாவுக்கு ஜீன் நன்றாகத்தான் இருந்தது. கேஸுக்கு ஒமிப்ரசோல் போட்டுக்கொண்டிருந்தார், அது அதே நொதியை அமுக்கும். குளோபிடோகிரெலோடு அதைச் சேர்க்க வேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ எப்போதோ சொல்லிவிட்டது. உங்கள் ஜீன் குறைக்கு 2010இலேயே மருந்துக் குறிப்பில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரித்தார்கள். அதனால் எல்லோரும் கேளுங்கள்: கடையில் சும்மா வாங்குகிற கேஸ் மாத்திரை, கஷாயம் எல்லாம் மருந்தாளுநரிடம் காட்டுகிற பையில் போக வேண்டும். ரிப்போர்ட் ஆயுசுக்கும் மாறாது, போனில் படம் எடுத்து வையுங்கள், எந்த டாக்டரிடம் போனாலும் காட்டுங்கள். இதைப் படித்துவிட்டு ஸ்டென்ட் மாத்திரையை யாரும் தானாக நிறுத்தாதீர்கள், ரத்தம் கட்டிவிடும். அக்கா, ரிப்போர்ட்டை யார் பார்ப்பார்கள் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டிருக்க வேண்டும்.

தடா அக்கா:
ஆங்கிலத்தில் நாலு பக்கம் தம்பி. ஷிப்ட் மணி அடித்துவிட்டது, பின்னால் முப்பது பேர் வரிசையில். போட்டுவிட்டேன்.