இழை வடிவக் கேண்டிடாவின் வெசிக்கிள்களில் கன்றுப் புரதம்: எதை நம்புவது?

கேள்வி:
வணக்கம். கேண்டிடா அல்பிகன்ஸ் பூஞ்சையின் ஈஸ்ட் வடிவமும் இழை வடிவமும் வெளிவிடும் வெசிக்கிள்களின் (சவ்வு சூழ்ந்த நுண்பைகள்) புரதங்களை ஒப்பிட்டு வருகிறேன். ஈஸ்டை 30 டிகிரியில் சாதாரண ஊடகத்திலும், இழையை 37 டிகிரியில் 10 சதவீதக் கன்றுச் சீரம் (கன்றின் இரத்தத் தெளிநீர்) சேர்த்தும் வளர்க்கிறேன். இரண்டின் வளர்ப்பு நீரையும் 0.45 மைக்ரான் வடிகட்டியில் வடித்து, 1,00,000 ஜி (புவியீர்ப்பின் 1,00,000 மடங்கு) விசையில் ஒரு மணி நேரம் சுழற்றுகிறேன். ஈஸ்டின் படிவு குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லியதாக இருக்க, இழையின் படிவு பழுப்பாகத் தடித்து வருகிறது. புரதங்களை இனங்காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில், சீரத்தில் மிகுந்துள்ள கன்றின் அல்புமின்தான் முன்னால் நிற்கிறது. நடுவே பூஞ்சையின் புரோட்டியசோம் (செல்லுக்குள் புரதங்களைச் சிதைக்கும் அமைப்பு) துணையலகுகளும் தெரிகின்றன. இவற்றை நம்பலாமா?

மறுமொழி 1:
அந்தப் பழுப்பு நிறம் பெரும்பாலும் சீரத்திலிருந்தே வந்திருக்கும். சீரத்திலேயே கன்றின் வெசிக்கிள்கள் உண்டு. முன்கூட்டிச் சுழற்றி நீக்கினாலும் முழுவதும் போகாது. ஆகவே சீரத்தையே விட்டுவிடுங்கள். அதைவிட முக்கியமான ஒன்று: இப்போது உங்கள் ஒப்பீட்டில் வடிவம் மட்டும் அல்ல, வெப்பநிலையும் ஊடகமும் சேர்ந்தே மாறுகின்றன. வளர்ச்சி நின்று நிலைப்பருவம் எட்டிய செல்களை லீ ஊடகத்தில் (சீரம் இல்லாத செயற்கை ஊடகம்) இட்டு, இரண்டையும் 37 டிகிரியிலேயே வைத்து, பிஹெச் 4.5-இல் ஈஸ்டாகவும் 6.7-இல் இழையாகவும் வளர்க்க முடியும். அப்போது மாறுவது பிஹெச் ஒன்றுதான். பூஞ்சை சேர்க்காத வெறும் ஊடகத்தையும் இதே படிகளில் சுழற்றிப் பாருங்கள்.

மறுமொழி 2:
புரோட்டியசோமைப் பார்த்ததும் செல் உடைந்து கசிந்தது என்று ஒதுக்கிவிட வேண்டாம். இழை வடிவத்தின் வெசிக்கிள்கள் செயல்படும் 20எஸ் புரோட்டியசோமை (அதன் மையப் பகுதி) சுமப்பதாகவும், செல்சுவர் சார்ந்த புரதங்கள் ஈஸ்ட் வெசிக்கிள்களில் மிகுந்திருப்பதாகவும் 2022-இல் ஓர் ஆய்வு வெளிவந்துள்ளது. ஆயினும் உங்கள் மாதிரியில் அது உண்மையா என்பதை நீங்களே நிறுவ வேண்டும். அறுவடைக்கு முன், சவ்வு சிதைந்த செல்களுக்குள் மட்டும் புகும் புரோப்பிடியம் அயோடைடு சாயத்தை இட்டு இறந்த செல்களைப் பாருங்கள்; இழைகள் பஞ்சுபோல் திரண்டுவிடுவதால் எண்ணுவது கடினம், மென்மையாகக் கலக்கிப் பல புலங்களைப் பாருங்கள், வேகமாகக் குலுக்கினால் இழைகள் அறுந்து நீங்களே கசிவை உண்டாக்கிவிடுவீர்கள். பிறகு வெசிக்கிள்களைப் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதியுடன், சவ்வைக் கரைக்கும் டிடர்ஜென்ட் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்துப் பாருங்கள். டிடர்ஜென்ட் இல்லாதபோது தப்பி, சேர்த்தபோது சிதையும் புரதமே சவ்வுக்குள் இருப்பது. வெசிக்கிள் வந்திருக்கிறதா என்பதற்கு, இந்தப் பூஞ்சையின் வெசிக்கிள்களுக்கு அடையாளமாகக் கொள்ளப்படும் சர்7 என்ற சவ்வுப் புரதத்தைத் தேடலாம்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. வெறும் ஊடகத்தில் சீரம் சேர்த்து நேற்றே சுழற்றிப் பார்த்தேன். பூஞ்சையே இல்லாத குழாயிலும் அதே பழுப்புப் படிவு. இனி லீ ஊடகத்தில் தொடங்குகிறேன்.