கண்புரை ஆபரேஷனோடு கிளாக்கோமாவுக்கு ஸ்டென்ட், தேவையா?

வானம்பாடி:
அப்பாவுக்குக் கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய், இன்னும் முற்றவில்லை என்கிறார்கள். இரண்டு வகைச் சொட்டு மருந்து போட்டுப் போட்டுக் கண் எப்போதும் சிவந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. இப்போது புரையும் வந்துவிட்டதால், லென்ஸ் மாற்றும்போதே அதே கீறல் வழியாக ஒரு ஸ்டென்ட்டும் வைத்துவிடலாம் என்கிறார் டாக்டர். அப்பாவோ போன பார்வை திரும்பிவிடும் என்று இருக்கிறார். வைத்துக்கொண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

மூக்குக்கண்ணாடி:
முதலில் அப்பாவிடம் அதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். புரை மறைத்த பார்வைதான் தெளியும், கிளாக்கோமாவில் செத்த நரம்பு எந்த ஆபரேஷனிலும் திரும்பாது. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற இடத்தில் சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கிறது, அது சரியாக வடிய விடாததால்தான் அழுத்தம் ஏறுகிறது, ஸ்டென்ட் அந்தச் சல்லடையைத் தாண்டி, அதற்குப் பின்னால் வடிகாலாக இருக்கும் ஷ்லெம் கால்வாய்க்கு நேர்வழி போட்டுக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எனக்கு வைத்தது ஐஸ்டென்ட், டைட்டானியம், 1 மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஒரு மருந்தை நிறுத்திவிட்டார்கள், இன்னொன்று தொடர்கிறது. அதுவே எனக்குப் பெரிய நிம்மதி.

கறார்பேர்வழி:
ரொம்ப எதிர்பார்க்காதீர்கள். அந்தக் கால்வாய் கடைசியில் போய்ச் சேர்வது சிரைகளில், அங்கேயே 8 முதல் 10 மி.மீ. பாதரசம் வரை அழுத்தம் இருக்கும், அதற்குக் கீழே இறங்க வழியில்லை, நடைமுறையில் பெரும்பாலும் 15 பக்கத்திலேயே நின்றுவிடும். நோய் முற்றி 10, 12 என்று வேண்டியவர்களுக்கு 1960களிலிருந்து செய்துவரும் டிராபெகுலெக்டமி மாதிரி பெரிய ஆபரேஷன்தான் சரிப்படும். அப்புறம், சின்னக் கருவி என்றால் ஆபத்தே இல்லை என்றும் இல்லை. சைபாஸ் என்று ஒன்று 2016இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கி, 2018இல் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. 5 வருடம் கழித்துப் பார்த்தால் கார்னியாவின் (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) உள்அடுக்குச் செல்கள் கூடுதலாகக் குறைந்திருந்தன. அது வேறு இடத்தில் வைக்கிற கருவி, ஐஸ்டென்ட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

வானம்பாடி:
நன்றி. டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

மூக்குக்கண்ணாடி:
கண்ணில் ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்கும் கோனியோஸ்கோப்பி சோதனை செய்து, நீர் வடிகிற இடத்துக் கோணம் திறந்திருக்கிறதா பார்த்தார்களா என்று கேளுங்கள். மூடிய கோணம் என்றால் கதையே வேறு, சிலருக்குப் புரை லென்ஸை எடுத்தாலே கோணம் விரிந்துவிடும். அப்பாவுக்கு அழுத்தம் எவ்வளவுக்கு வர வேண்டும் என்பதையும் எண்ணாகவே கேட்டு வாங்குங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், வைத்த சில நாள் கண்ணுக்குள் லேசாக ரத்தம் கசியலாம்.

கறார்பேர்வழி:
சொட்டு மருந்தை அவராக நிறுத்திவிடக் கூடாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.