ஒலிபரப்பில் 'வரக்கூடாதது' வந்தபோது: உங்கள் அனுபவம் என்ன?

நெல்லைக் குரல்:
அரசு வானொலியில் கேஷுவல் அறிவிப்பாளரா இருந்தேன். குடிநீர்ப் பிரச்சினை பற்றி நேரலை போன்-இன். ஒரு பெரியவர் லைனுக்கு வந்து பவ்யமா வணக்கம் சொன்னார். அடுத்த மூச்சுலயே "எங்க கவுன்சிலர் இருக்காரே..."ன்னு பேரோட ஆரம்பிச்சுட்டார். கெட்ட வார்த்தை ஒண்ணுகூட இல்ல. ஆனா அகில இந்திய வானொலி விதித்தொகுப்புல ஆபாசம், அவதூறு, மதம் சமூகத்தைத் தாக்குறது, வன்முறையைத் தூண்டுறது, நீதிமன்ற அவமதிப்புன்னு போற பட்டியல்ல அரசியல் கட்சியைப் பேர் சொல்லித் தாக்கக் கூடாதுங்கறதும் இருக்கு. ஒருத்தரைப் பேர் சொல்லிக் குறை சொன்னா அவதூறாயிடுமோன்னு எங்களுக்குப் பயம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெக்ஸ் (நிகழ்ச்சி நிர்வாகி) மேடம் கழுத்துல விரலை இழுத்துக் காட்டினாங்க. ஒலியைக் குறைக்கிற ஃபேடரை இறக்கிப் பாட்டைப் போட்டேன்.

மேடம் நல்லவங்க. நிகழ்ச்சி முடிஞ்சதும் அவங்களே போன் போட்டு, "ஐயா, பேரை விட்டுட்டு பிரச்சினையை மட்டும் சொல்லுங்க, அடுத்த வாரம் எடுத்துக்கறோம்"னாங்க. "பேரைச் சொல்லாம யாரைம்மா கேள்வி கேக்குறது?"ன்னார் அவர். அடுத்த வாரம் வந்தார், பேரைச் சொல்லல. வார்டு நம்பரைச் சொன்னார். விதித்தொகுப்புல வார்டு நம்பரைப் பத்தி எதுவும் இல்ல.

பழைய ரேடியோ ரசிகர்:
1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டையே தரக்குறைவு என்று ஒதுக்கி வைத்தவர்களாயிற்றே! எங்கள் வீட்டில் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பிவிட்டார்கள். 1957-ல் சினிமாப் பாட்டு போடும் விவித் பாரதி சேவையை அகில இந்திய வானொலியே கொண்டுவந்த பிறகும் அப்பா இலங்கையை விடவில்லை.

எஃப்எம் மியூசிக் டெஸ்க்:
தனியார் எஃப்எம்முக்கும் அதே விதித்தொகுப்புதான் சார், அனுமதி ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கு. 2022 கடைசியில் மது, போதைப்பொருள், ஆயுதம், கேங்ஸ்டர் கலாச்சாரத்தைப் புகழ்ற பாட்டு வேண்டாம்னு மத்திய அரசு அறிவுரை அனுப்பினப்போ எங்க லைப்ரரியே ஆட்டம் கண்டது. நம்ம குத்துப் பாட்டுல சரக்கை எடுத்துட்டா பல்லவி மிஞ்சுமா? எடிட்ல மூணு வழி இருக்கு. மியூட் பண்ணலாம், தாளம் நொண்டும். அந்த இடத்தை ரிவர்ஸ் பண்ணலாம், பேய் பேசுற மாதிரி இருக்கும். மேல ஒரு சத்தம் வைக்கலாம். நாங்க லாரி ஹாரன் வெச்சோம், அதுவும் பீட்டுல கச்சிதமா உட்கார்ந்துடுச்சு. அப்புறம் நேயர் ஒருத்தர் போன் பண்ணி, "அந்த ஹாரன் பாட்டைப் போடுங்க"ன்னு கேட்டார். மறைக்கப் போய் அந்த இடத்துக்கு விளம்பரம் கொடுத்ததுதான் மிச்சம். என்னைக் கேட்டா, அரைகுறையா வெட்டுறதுக்குப் பதிலா அந்தப் பாட்டையே விட்டுடலாம்.

சமுதாய வானொலி தன்னார்வலர்:
எங்களுக்கு நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூர் மக்கள் பங்கேற்புடன் இருக்க வேண்டும். அப்படி வயலில் பதிவு செய்த நடவுப் பாட்டு ஒன்றில் மச்சானைக் கேலி செய்யும் இரண்டு அடிகள், கொஞ்சம் பச்சை. டவுனிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர் ஆபாசம் என்றார். பாடிய அக்காவோ, "மாமியா முன்னாடியே பாடுறோம், ரேடியோவுக்கு என்ன வெக்கம்?" என்றார். ஒலிபரப்பினோம். புகார் ஒன்றும் வரவில்லை.

சிட்னி நேயர்:
கெட்ட வார்த்தையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2012 டிசம்பரில் இங்குள்ள ஒரு எஃப்எம் நிலையத்தார், பிரிட்டிஷ் இளவரசர் வில்லியமின் மனைவி கேட் சேர்க்கப்பட்டிருந்த லண்டன் மருத்துவமனைக்கு ராணியும் சார்லஸும் பேசுவதுபோல பிராங்க் கால் செய்தார்கள். அதில் ஆபாசம் துளிகூட இல்லை. அழைப்பை எடுத்து வார்டுக்கு மாற்றிவிட்டவர் மங்களூரில் பிறந்த ஒரு நர்ஸ். சில நாட்களில் அவர் தற்கொலை செய்துகொண்டார். மருத்துவமனையில் பேசியவர்களின் சம்மதம் இல்லாமலே பதிவு செய்து ஒலிபரப்பியது சட்ட மீறல் என்று ஒலிபரப்பு ஆணையம் முடிவெடுக்க, நிலையம் வழக்குப் போட்டது. அப்படி முடிவுக்கு வர ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2015-ல் இந்நாட்டின் உச்ச நீதிமன்றமான ஹைகோர்ட் சொல்லிவிட்டது.

நான் உதவி செய்யும் தமிழ் நிகழ்ச்சியில் இப்போது பிறந்தநாள் வாழ்த்துக்குக்கூட, "பதிவு பண்றோம், சம்மதமா?" என்று கேட்ட பிறகுதான் பட்டனை அமுக்குகிறோம். போன வாரம் ஒரு பாட்டி, "எதுக்குச் சம்மதம்னு முதல்ல சொல்லு தம்பி" என்று கேட்டுவிட்டு, விவரமெல்லாம் தெரிந்துகொண்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டார்.