தொடர்புப் படிவத்தில் அனுப்பிய மடல்கள் வந்து சேர்வதில்லை

அப்புத்தளையிலிருந்து கேள்வி:
எங்கள் குடும்பம் நடத்தும் சிறு தங்குமிடத்துக்கு வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் இணையதளமொன்றை நானே அமைத்தேன். படிவத்தை நிரப்பினால் திரையில் "நன்றி" என்று வருகிறது. மடல் மட்டும் வருவதில்லை. மூன்று முறை எழுதியும் பதில் இல்லையே என்று விருந்தினர் ஒருவர் தொலைபேசியில் வருந்தியபோது மனம் மிகவும் சங்கடப்பட்டது. தளத்தில் 22 பிளகின்கள் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) உள்ளன. எதில் பிழை இருக்கக்கூடும்?

பண்டாரவளையிலிருந்து பதில்:
பிழை பெரும்பாலும் படிவத்தில் அல்ல, மடல் புறப்படும் வழியில்தான் இருக்கும். அனுப்புநர் இடத்தில் விருந்தினரின் ஜிமெயில் முகவரி இருந்தால், ஜிமெயிலின் பெயரைத் தாங்கி உங்கள் தளம் இயங்கும் சேர்வரிலிருந்து வரும் அம்மடலைப் பெறும் பக்கம் போலியெனக் கருதித் தள்ளிவிடலாம். ஆகவே அங்கே உங்கள் டொமைனின் (தளப் பெயரின்) மடல் முகவரியை வைத்து, விருந்தினரின் முகவரியைப் பதில் முகவரிக்குரிய இடத்தில் இடுங்கள். மடல் சேவைக் கணக்கொன்றின் வழியாக மடலை அனுப்பும் எஸ்எம்டிபி பிளகின் ஒன்றையும் சேர்ப்பது நல்லது. உங்கள் படிவம் கான்டாக்ட் ஃபார்ம் 7 என்ற பிளகினில் அமைந்தது என்றால், அது வந்த செய்திகளைத் தானாகச் சேமிப்பதில்லை. அதை உருவாக்கியவரே தந்துள்ள ஃபிளமிங்கோ என்ற பிளகினையும் நிறுவினால், மடல் தவறினாலும் செய்தி தளத்தில் இருக்கும்.

நுவரெலியாவிலிருந்து பதில்:
பிளகின்களின் எண்ணிக்கையை விட அவை கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட திகதியே முக்கியம் என்பது என் கருத்து. முடக்கி வைத்த பிளகினின் கோப்புகள் சேர்வரிலேயே கிடக்கும் என்பதால், முழுத் தளத்துக்கும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, தேவையற்றவற்றை ஒவ்வொன்றாக அழித்துவிடுங்கள்.

கேட்டவர்:
அனுப்புநர் இடத்தில் விருந்தினரின் முகவரியே இருந்தது. மாற்றியவுடன் சோதனை மடல் வந்துவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஃபிளமிங்கோவை இன்றிரவே நிறுவுகிறேன்.