மொரிஸ் மைனருக்கு பெயின்ட்: முன் கண்ணாடியைக் கழற்றணுமா, விடலாமா?

தலவாக்கலை மைனர்:
அப்பா தோட்டத்தில் கிளாக்கராக இருந்தபோது வாங்கிய மொரிஸ் மைனர் 1000 கார், 1098 சிசி. ஓட்டத்தில் குறையில்லை, பெயின்ட்தான் போய்விட்டது. முழுசாக அடிக்கலாம் என்று கேட்டுப் போனால், பெயின்ட் அடிக்கிற இரண்டு பாஸ்மார் இரண்டு கதை சொல்கிறார்கள். ஒருவர், டேப் ஒட்டி அடித்தால் போதும் என்கிறார். மற்றவர் கண்ணாடியைக் கழற்றாமல் வண்டியில் கையே வைக்க மாட்டாராம். கண்ணாடி உடைந்தால் எங்கே போய்த் தேடுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹட்டன் டிங்கர்:
கழற்றுங்க தம்பி. இப்போதைய கார்களில் கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். மைனரில் கண்ணாடியைச் சுற்றிவரும் ரப்பர் பட்டி, அதாவது பீடிங்தான் பிடித்திருக்கிறது. அந்த ரப்பரின் உதடு தகரத்தின் மேல் கவிழ்ந்து கிடக்கும். எவ்வளவு நுணுக்கமாக டேப் ஒட்டினாலும் புது பெயின்ட் உதட்டின் ஓரத்தோடு நின்றுவிடும், அடியில் பழசு அப்படியே இருக்கும். பொரிந்து கிளம்புவது அந்த ஓரத்தில்தான்.

அதைவிடப் பெரிய வில்லங்கம் துரு. நம்ம ஊர் மழைக்கு, கீழ் மூலை இரண்டிலும் தண்ணீர் தேங்கும். வெளியே பார்த்தால் சின்னக் கொப்புளம் ஒன்றுதான் தெரியும், ஸ்க்ரூட்ரைவர் நுனியை வைத்தால் உள்ளே இறங்கிவிடும். அதை வெட்டி வெல்டிங் வைக்கக் கண்ணாடி வெளியே இருக்கணும். இல்லாவிட்டால் தீப்பொறி தெறித்துக் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகக் குழி விழும்.

நுவரெலியா பனிமூட்டம்:
துரு இருந்தால் சரி அண்ணே. துரு இல்லாத வண்டியையும் ஏன் பிரிக்கணும்? அந்தக் காலத்துக் கண்ணாடி பெரும்பாலும் டஃபண்ட் வகை, சூடாக்கிக் கடினப்படுத்தியது. விளிம்பில் ஒரு தட்டு பட்டால் போதும், முழுசும் பொடியாகக் கொட்டிவிடும். பழைய ரப்பரும் கல்லாகியிருக்கும், கழற்றினால் திரும்ப உதவாது. புதுசாக வருவதில் சிலது மூலையில் சரியாக உட்காரவே மாட்டேன் என்கிறது. ஒழுகாத ரப்பரை எடுத்துவிட்டு ஒழுகுகிற ரப்பரைப் போடச் சொல்கிறீர்களா?

உதட்டுக்கு அடியில் மெல்லிய நைலோன் கயிற்றைச் சுற்றிவரச் செருகினால் ரப்பர் தூக்கிக்கொள்ளும். அப்படியே அடித்து, காய்ந்ததும் கயிற்றை உருவுங்கள். ஓரம் தெரியாது.

ஹட்டன் டிங்கர்:
கல்லான ரப்பர் என்று நீங்களே சொல்கிறீர்கள், அதற்கு அடியில் கயிறு எப்படிப் போகும்? கிழியும். கயிறு வேலை ரப்பர் இளக்கமாக இருக்கிற வண்டிக்கு.

கண்ணாடி உடைவதே பழைய ரப்பரைக் காப்பாற்றப் பார்த்து உள்ளேயிருந்து காலால் தள்ளுவதால்தான். ரப்பரை விட்டுத்தள்ளுங்கள். நிக்கல் பட்டி இருந்தால் முதலில் அதை உருவி, வெளி உதட்டைச் சுற்றிவர பிளேடால் அறுத்தெடுங்கள். கண்ணாடி சும்மா கையோடு வரும். இரண்டு பேர் பிடிக்கணும். வெறும் சீமெந்துத் தரையில் நிறுத்தவே கூடாது.

திரும்பப் போடும்போது புது ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, தகரம் உட்காரும் பள்ளத்தில் கயிற்றைச் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். வெளியே ஒருவர் உள்ளங்கையால் அழுத்த, உள்ளே ஒருவர் கீழ் நடுவிலிருந்து கயிற்றை மெதுவாக இழுக்க, உதடு தகரத்தைத் தாண்டி வந்து உட்காரும். வெயிலில் வைத்த ரப்பர் இன்னும் சொன்னபடி கேட்கும்.

பண்டாரவளை பழசு:
ரெண்டு பேரும் மாதத்தைப் பற்றிப் பேசவே இல்லையே. ஜூன், ஜூலையில் தலவாக்கலையில் கண்ணாடி இல்லாத காரை எங்கே நிறுத்துவது? ஈரக்காற்றில் செலுலோஸ் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். தென்மேற்கு மழை உங்களை நனைக்கும்போது எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். முடிந்தால் இங்கே கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடியுங்கள். ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே பெயின்ட் என்றால் அடிக்கிறவருக்குச் சரியான முகமூடி வேணும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு அடிக்கிற பெயின்டில்லை அது.

இன்னொன்று, 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய கார் விலை எங்கேயோ போய்விட்டது. விற்கவென்றே டேப் ஒட்டி அடித்த வண்டிகள் ஏராளம். வாங்க வருகிறவன் முதலில் நகத்தால் தூக்கிப் பார்ப்பது ரப்பர் ஓரத்தைத்தான்.

நுவரெலியா பனிமூட்டம்:
தம்பி விற்கப் போவதாகச் சொல்லவே இல்லையே! அப்பாவின் வண்டி. முதலில் இரண்டு மூலையையும் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

தலவாக்கலை மைனர்:
பார்த்தேன். ஐஸ்கிரீம் குச்சியால் உதட்டைத் தூக்கினேன். இடது பக்கம் பழைய பச்சை பெயின்ட்கூட அப்படியே இருக்கிறது. வலது பக்கம் குச்சியோடு துருத் தூள் வந்தது, டேஷ்போர்டுக்கு அடியில் கை விட்டால் ஈரம். கண்ணாடி மூலையில் டஃபண்ட் என்றுதான் பொறித்திருக்கிறது.

நுவரெலியா பனிமூட்டம்:
அப்போ சரி, முன் கண்ணாடியைக் கழற்றுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. புது ரப்பர் கைக்கு வந்த பிறகு மட்டும் பிளேடை எடுங்கள். பின் கண்ணாடியைத் தொடாதீர்கள்.

ஹட்டன் டிங்கர்:
பின் கண்ணாடியும்தான் தம்பி. முன்னால் சுத்தமாக அடித்துவிட்டு பின்னால் டேப் ஓரமா?

நுவரெலியா பனிமூட்டம்:
பாருங்க, ஆரம்பிச்சிட்டார்! பின் ரப்பர் இளக்கமாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்க தம்பி. இளக்கம் என்றால் என் கயிறு.

தலவாக்கலை மைனர்:
இளக்கமாகத்தான் இருக்கிறது. பின்னால் கயிறு. ரப்பருக்குச் சொல்லிவிட்டேன், ஜனவரியில் பிரிக்கிறேன். டிங்கர் அண்ணே, கயிற்றை இழுக்க ஹட்டனிலிருந்து வருவீர்களா?